சுவரில் திரும்பி வந்தவர்கள்



கவிதை இசையாவதை நாம் கேட்டிருக்கிறோம். அது நாடகமாவதையும் நாட்டியமாவதையும் கண்டிருக்கிறோம். ஆனால் ஒரே கவிதையை ஒன்பது ஓவியர்களின் கையில் கொடுத்து, "இதை ஒரு வாரத்துக்குள் சுவரளவு ஓவியமாக்கித் தாருங்கள்" என்று கேட்கும் ஊரொன்று இருப்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அவுஸ்திரேலியப் பெருநிலத்துக்குத் தெற்கே உள்ள தஸ்மேனியாத் தீவில், றோலண்ட் மலையின் அடிவாரத்தில், அந்த ஊர் இருக்கிறது. அதன் பெயர் ஷெஃபீல்ட். இங்கிலாந்தின் இரும்புத் தொழில் நகரத்தின் பெயரைத் தாங்கி நின்றாலும், இது பாற்பண்ணைகளும் கிழங்குத் தோட்டங்களும் சூழ்ந்த சிறிய கிராமியப் பட்டினம். குடிசனத்தொகை ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறுதான்.

2003ஆம் ஆண்டில் இங்கு சுவரோவிய விழா ஆரம்பமாயிற்று. விழாவுக்கென ஒரு கவிதை தெரிவு செய்யப்படுகிறது. விண்ணப்பித்த ஓவியர்களுள் ஒன்பது பேர் அழைக்கப்படுகிறார்கள். ஊரின் ஓவியப் பூங்காவில், திறந்த வெளியில், வரிசையாக நிற்கும் பெரும் பலகைச் சுவர்களின் முன் அவர்கள் நிற்கிறார்கள். ஒரு வார காலம் ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது. பால் கறந்துவிட்டு வந்த பண்ணைக்காரரும், பாடசாலைப் பிள்ளைகளும், தூர தேசத்து உல்லாசப் பிரயாணிகளும் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கிறார்கள். வார முடிவில் நடுவர்கள் ஒரு பரிசு கொடுப்பார்கள். பொதுமக்களும் தங்களுக்குப் பிடித்ததைத் தெரிவு செய்வார்கள். அவ்வாறு தீட்டப்பட்ட ஒன்பது ஓவியங்களும் அடுத்த விழா வரும்வரை அங்கேயே நிற்கும்.

கவிதை ஒன்றுதான். ஓவியம் ஒன்பது. ஒருவருக்கு அதில் கிழவியின் கை தெரிகிறது. இன்னொருவருக்கு வெறிச்சோடிய ஒரு பாதை தெரிகிறது. ஒரு கவிதைக்கு ஒரே பொருள்தான் உண்டு என்று வாதாடுபவர்களை அந்தப் பூங்காவில் ஒரு நாள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வகுப்பறையில் பல மணி நேரம் விளக்கியும் புரியாதது அங்கே ஒன்பது சுவர்களைக் கடக்கும் நேரத்தில் புரிந்துவிடும்.

பாற்பண்ணை ஊரொன்றுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனால், வழி நம்மை முதலில் கனடாவுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவின் கிழக்குக்கும், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கியும் அழைத்துச் செல்கிறது. மூலத்திலிருந்தே தொடங்குவோம்.

வெளிச் சுவரில் விரிந்த வேதம்

இன்றைய ருமேனியாவின் வடகிழக்கில் புக்கோவினா என்னும் மலைநாடு உண்டு. 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் அது மொல்டாவிய இராச்சியத்தின் பகுதியாக இருந்தது. அங்கே வொரொனெட்ஸ், ஹூமோர், மொல்டோவிட்சா, சுசெவிட்சா முதலிய இடங்களிலுள்ள தேவாலயங்களின் உட்சுவர்கள் மாத்திரமன்றி, வெளிச் சுவர்களும் அடிமுதல் கூரைவரை ஓவியங்களால் நிரம்பியுள்ளன.

வொரொனெட்ஸ் தேவாலயத்தை 1488இல் மன்னன் ஸ்டீபன் நான்கு மாதத்துக்கும் குறைந்த காலத்தில் கட்டி முடித்தான். அதன் வெளிச் சுவர்களில் ஓவியங்கள் எழுந்தது 1547இல். அந்த ஓவியங்களின் பின்னணியில் ஓடும் நீல நிறத்துக்கு 'வொரொனெட்ஸ் நீலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஈரமான சுண்ணாம்புச் சாந்தின்மீது, அது உலருமுன் வர்ணத்தைத் தீட்டிவிட வேண்டும். சாந்து இறுகும்போது வர்ணமும் அதனுடன் இறுகிச் சுவரின் பகுதியாகிவிடும். அகன்ற தாழ்வாரங்கள் மழையைத் தடுத்தன. ஆயினும் வடக்குச் சுவர்களை வாடைக் காற்று மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. தெற்கிலும் மேற்கிலும் உள்ளவை இன்றும் நின்று பேசுகின்றன. 1993இல் இவற்றுள் ஏழு தேவாலயங்களும், 2010இல் சுசெவிட்சாவும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

ஏன் வெளிச் சுவரில் தீட்டினார்கள்? வழமையாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது. தேவாலயங்கள் சிறியவை, குடியானவர்களும் படைவீரர்களும் பெருந்தொகையாகத் திரளும்போது பலர் வெளியே நிற்க நேர்ந்தது. உள்ளே ஓதப்பட்டதோ அவர்கள் பேசாத ஸ்லாவோனிய மொழி. எழுத்தறிந்தோர் மிகச் சிலர். எனவே வேதத்தைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து விரித்தார்கள். ஓவியம் என்பது உள்ளே இடமில்லாதவர்களுக்காக வெளியே வந்த இலக்கியம் என்று இதனைச் சொல்லலாம். இந்த வாசகத்தை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும். இனி வரப்போகும் கதை முழுவதும் உள்ளே இடமில்லாதவர்களைப் பற்றியதுதான்.

ஆனால் அந்தச் சுவர்கள் எல்லோரையும் ஒரே விதமாக அணைத்துக்கொண்டன என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்தில் மொல்டாவியா துருக்கியச் சுல்தானின் மேலாதிக்கத்துக்கு உட்பட்டுத் திறை செலுத்திக்கொண்டிருந்தது. 1537இல் மொல்டோவிட்சாவின் தெற்குச் சுவரில் கொன்ஸ்தாந்திநோப்பிள் முற்றுகை தீட்டப்பட்டது. கதை பழையது, முற்றுகையிடுபவர்களின் உடையும் பீரங்கியும் ஓவியர் காலத்துத் துருக்கியருடையவை. வொரொனெட்ஸின் மேற்குச் சுவர் முழுவதையும் நிரப்பும் இறுதித் தீர்ப்பிலும் அவ்வாறே. நெருப்பாறு ஒன்று ஓடுகிறது. ஒரு பக்கத்தில், மோசே கை காட்ட, நம்பாதவர்களின் கூட்டம் நிற்கிறது. யூதர், துருக்கியர், தாத்தாரியர், ஆர்மேனியர் என்று அவரவர் உடையால் அடையாளம் காணக்கூடிய அயலவர்கள் அவர்கள். அதே தேவாலயத்தின் இன்னொரு சுவரிலோ, கிறிஸ்து பிறப்பதற்கு முன் வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானிகள் மரியாதையோடு வரிசையில் நிற்கிறார்கள்!

எட்டத்தில் இருந்த அந்நியனுக்கு இடம் கிடைத்தது; பக்கத்தில் இருந்த அந்நியனுக்கு நெருப்பாறு கிடைத்தது. பொதுச் சுவரில் எவரைத் தீட்டுவது, எங்கே நிறுத்துவது என்பது என்றுமே கள்ளமற்ற காரியமாக இருந்ததில்லை.

ஆலை மூடிய ஊர்

1971ஆம் ஆண்டில் இந்த மடாலயங்களைப் பார்க்க வந்தவர்களுள் கார்ல் ஷூட்ஸ் என்பவரும் ஒருவர். ஜெர்மனியில் பிறந்து, கனடாவின் மேற்குக் கரையோரத்தில் வன்கூவர் தீவிலுள்ள செமைனஸ் என்னும் சிற்றூரில் குடியேறித் தச்சுத் தொழில் நிலையம் நடத்தியவர். மக்கள் தொலைதூரத்திலிருந்து வந்து ஒரு சுவரின் முன் மௌனமாக நிற்பதை அவர் கண்டார். தம் ஊரின் வெறும் சுவர்கள் அவருக்கு நினைவுக்கு வந்தன. ஊர் திரும்பி இதைச் சொன்னபோது எவரும் பொருட்படுத்தவில்லை. மரம் அரியும் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆலை ஓடும்போது ஓவியம் எதற்கு?

செமைனஸில் 1862இலிருந்தே மரம் அரியும் ஆலை உண்டு. வானளாவிய மரங்கள் கரைக்கு இழுத்துவரப்பட்டு, அரியப்பட்டு, கப்பலேறின. ஊரின் சம்பளம், கடைகளின் வியாபாரம், ஞாயிறு விளையாட்டு எல்லாம் ஆலையின் ஊதுகுழலோடு பிணைந்திருந்தன. 1980களின் தொடக்கத்தில் மரச் சந்தை வீழ்ந்தது. 1983இல் பழைய ஆலை மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். 1985இல் புதிய ஆலை திறந்தது உண்மைதான். ஆனால் இயந்திரங்கள் மலிந்த அந்த ஆலைக்கு முன்பு தேவைப்பட்ட கைகளில் ஒரு சிறு பங்கே போதுமானதாக இருந்தது.

ஆலை தள்ளாடத் தொடங்கிய வேளையில், ஊர் மையங்களைச் சீரமைக்க மாகாண அரசாங்கம் உதவி வழங்க முன்வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் காது கொடுத்துக் கேட்கப்படாத ஷூட்ஸின் யோசனைக்கு இப்போது காலம் வந்தது. 1982இல் ஐந்து சுவர்களில் ஓவியங்கள் எழுந்தன. முதலாவது, காட்டில் மரங்களை இழுக்கும் நீராவி இயந்திரமொன்றையும் அதனோடு மல்லாடும் தொழிலாளரையும் காட்டியது. அதே ஆண்டில் இன்னொரு சுவரில் கரையோரத்திலிருந்த ஒரு சீன வியாபாரியின் பழைய கடை எழுந்தது. ஊர் தன் சொந்த வரலாற்றையே சுவரில் எழுதத் தொடங்கியது. கடற்கரைக் காட்சி, பூச்சாடி என்று எந்த ஊருக்கும் பொருந்தும் அலங்காரத்தை அவர்கள் நாடவில்லை. இந்தத் திட்டத்தின் உயிர்நாடி அதுதான்.

பிரயாணிகள் வந்தார்கள். ஓவியத்துக்கு ஓவியம் வழிகாட்ட, நடைபாதையில் மஞ்சள் நிறப் பாதச் சுவடுகள் தீட்டப்பட்டன. தேநீர்க் கடைகள் திறந்தன. 1993இல் ஒரு நாடக அரங்கும் எழுந்தது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் அங்கு உள்ளன. எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து டொப்பெனிஷ் என்ற விவசாய ஊரும் 1989இல் இதே வழியில் இறங்கியது. அங்கே பல ஓவியர்கள் சேர்ந்து ஒரே நாளில் ஒரு சுவரைத் தீட்டி முடிப்பதே ஆண்டு விழாவாயிற்று.

செமைனஸ் என்ற பெயருக்கு அப்பகுதிப் பழங்குடி மக்களிடையே ஒரு கதை உண்டு. நெஞ்சு பிளந்த பெருங்காயத்திலிருந்து பிழைத்தெழுந்து தலைவனான ஒருவனின் பெயரே ஊருக்கு வந்தது என்பார்கள். ஆலை மூடிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

தனிச் சாரணன்

ஆயினும் செமைனஸின் ஓவியங்களுள் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது நீராவி இயந்திரம் அன்று. 1991இல் தீட்டப்பட்ட ஒரு சிறுவனின் கதை அது.

ஆலையில் வேலை செய்ய வந்தவர்களுள் சீனரும் யப்பானியரும் இந்தியரும் இருந்தனர். அந்த ஊரின் யப்பானியப் பிள்ளைகளுள் ஒருவரான எட்வேர்ட் ஷிகே யொஷிடா சாரணர் இயக்கத்தில் சேர விரும்பினார். ஊர்ச் சாரணர் குழு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சிறுவன் மனம் உடைந்துவிடவில்லை. குழு இல்லாதவர்கள் தபால் மூலம் பயிலக்கூடிய 'தனிச் சாரணன்' என்னும் ஏற்பாட்டின்கீழ், முடிச்சுகளையும் சமிக்ஞைகளையும் தன்னந்தனியே கற்றுத் தேறினார். பின்னர் சாரண ஆசிரியராகத் தகுதி பெற்று, 1930இல் யப்பானியப் பிள்ளைகளுக்கென்றே செமைனஸில் ஒரு குழுவை அமைத்தார். அவருக்குக் கதவு மூடப்பட்டது. அவரோ மற்றவர்களுக்காகப் புதிய கதவொன்றைச் செய்தார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 1941 டிசம்பரில் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942இல் கனடிய அரசு மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் வெளியேற்றியது. இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டோர் மலைப் பிரதேசத்து முகாம்களுக்கும் தூர மாகாணங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் கனடிய மண்ணிலேயே பிறந்தவர்கள். வீடுகளும் மீன்பிடிப் படகுகளும் கடைகளும் பறிக்கப்பட்டு விற்கப்பட்டன. போர் முடிந்த பின்னும், 1949வரை அவர்கள் கரையோரத்துக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. டஷ்மி என்னும் முகாமில் அடைபட்டிருந்த காலத்திலும் யொஷிடா ஒரு சாரணர் குழுவை நடத்தினார் என்பதை எண்ணிப் பாருங்கள். தன்னை நம்ப மறுத்த நாட்டுக்கு விசுவாசம் கூறும் சாரண உறுதிமொழியை, அதே நாடு அடைத்துவைத்த பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுத்தார்!

1988இல் கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார், நட்டஈடும் வழங்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1991இல், யப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த ஸ்டான்லி தனிவா என்ற ஓவியர் 'தனிச் சாரணன்' என்ற தலைப்பிலேயே யொஷிடாவின் கதையைச் செமைனஸ் சுவரொன்றில் தீட்டினார். குழுவில் சேர்த்துக்கொள்ளப்படாத சிறுவன், ஊரின் சுவரில் நிரந்தர இடம் பெற்றுவிட்டார்.

நாடாளுமன்றத்து மன்னிப்பு நாட்டுக்குரியது. சுவரோவியம் ஊருக்குரியது. முன்னதை ஆவணத்தில் தேடி எடுத்து வாசிக்க வேண்டும். பின்னதைப் பாண் வாங்கப் போகும்போதும் கடந்து போகவேண்டியிருக்கும். வேறுபாடு சிறியதன்று.

மலையடிவாரத்து ஊர்

இனித் தஸ்மேனியாவுக்குத் திரும்புவோம்.

செமைனஸுக்கு ஆலை எப்படியோ, ஷெஃபீல்டுக்கு நீர்மின் திட்டம் அப்படி. 1963க்கும் 1973க்கும் இடையில் மேர்சி, ஃபோர்த் ஆறுகளை மறித்து ஏழு மின் நிலையங்கள் கட்டப்பட்டன. அணைத் தொழிலாளர்களால் அப்பகுதி நிரம்பி வழிந்தது, கடைகள் செழித்தன. வேலை முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். பாற்பண்ணைகளும் முன்போல் கை கொடுக்கவில்லை. கிரேடில் மலையின் அழகைக் காணச் செல்லும் பிரயாணிகளின் வாகனங்கள் ஊர் நடுவே ஓடின; ஆனால் நிற்கவில்லை. நிற்காமல் போகும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டு கடை வாசலில் இருப்பவனின் துயரம் வியாபாரத் துயரம் மாத்திரமன்று. 'இங்கே நின்று பார்க்க ஒன்றும் இல்லை' என்று உலகம் தன் ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவதை அவன் நாள்தோறும் கேட்கிறான்.

1985இல் ஊர்க்காரர்கள் சிலர் சுற்றுலா வளர்ச்சிக்கென ஒன்றுகூடினர். செமைனஸின் கதை அவர்கள் காதுக்கு எட்டியது. 1986 டிசம்பரில் ஜோன் லெண்டிஸ் என்ற ஓவியர் ஷெஃபீல்டின் முதலாவது சுவரோவியத்தைத் தீட்டி முடித்தார். 'அமைதியும் கதகதப்பும்' என்பது அதன் பெயரின் பொருள். அது காட்டியது ஒரு மனிதரை: குஸ்தாவ் வைன்டோர்ஃபர்.

யார் இவர்? 1874இல் ஒஸ்திரியாவில் பிறந்து, 1900இல் அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். தாவரங்களில் பெரும் ஈடுபாடு கொண்டவர். அதே ஈடுபாடு கொண்ட கேற் என்ற பெண்ணை 1906இல் தஸ்மேனியாவில் மணந்தார். மணமக்கள் தேனிலவுக்குச் சென்றது நகர விடுதிக்கன்று. ஷெஃபீல்டுக்கு மேலே நிற்கும் அதே றோலண்ட் மலைக்கு. கூடாரமடித்துத் தங்கிச் செடிகொடிகளைச் சேகரித்தார்கள். அங்கிருந்து தூரத்தே தெரிந்த கிரேடில் மலை அவர்களை ஈர்த்தது. 1910இல் அதன் உச்சிக்கு ஏறினார்கள். இந்த நிலம் ஒருவருக்கும் சொந்தமாகாமல் எல்லா மக்களுக்குமாகக் காக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது. 1912இல், பாதையே இல்லாத அந்தக் காட்டில், அங்கு வளர்ந்த மரத்தைக் கொண்டே ஒரு விடுதியை அமைத்தார் வைன்டோர்ஃபர். 'வால்ட்ஹைம்' என்று பெயரிட்டார். ஜெர்மன் மொழியில் 'வன இல்லம்' என்று பொருள்.

அந்தப் பெயரே பின்னர் வினையாயிற்று. 1914இல் உலக மகாயுத்தம் மூண்டது. ஒஸ்திரியா எதிரி நாடு. வைன்டோர்ஃபரோ 1905இலேயே பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். ஆயினும் ஊரார் கண்ணுக்கு அவர் அந்நியர். மலைக்காட்டில் தனியே இருந்து எதிரிக்கு உளவு சொல்கிறார் என்று கதை கட்டினார்கள். அந்த நாட்களில், 1916இல், கேற் இறந்தார். மனைவியையும் இழந்து, அயலவர் நம்பிக்கையையும் இழந்து, அம்மனிதர் அந்தக் குளிர்காட்டிலே தங்கிவிட்டார். வந்தவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்தார்; மலையைக் காக்கக் கூட்டங்களில் பேசினார். 1922இல் அறுபதினாயிரம் ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலம் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. 1932 மே மாதத்தில், மலையடியில், அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு அருகில் அவர் உயிரற்றுக் கிடக்கக் காணப்பட்டார். அவர் காத்த நிலத்தை உள்ளடக்கிய காட்டுப் பிரதேசம் 1982இல் உலக மரபுரிமையாயிற்று. அவர் கட்டிய வன இல்லமோ பழுதடைந்து 1976இல் இடிக்கப்பட்டு, அதே பாணியில் மீண்டும் கட்டப்பட்டது.

ஆக, பிரயாணிகளை நிறுத்துவதற்காகத் தன் முதற் சுவரில் ஓர் உருவத்தைத் தேடிய ஊர், ஒரு காலத்தில் அயலார் ஒற்றன் என்று ஐயுற்ற மனிதரின் உருவத்தையே தெரிவு செய்தது. குளிர்காட்டில் தனித்திருந்தவருக்கு 'கதகதப்பு' என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தது. இது திட்டமிட்ட பிராயச்சித்தம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் பகுதியின் பெருமைக்குரிய மனிதரைத் தேடினார்கள், அவர் கிடைத்தார். ஆனால் தேடியபோது அந்நியர் என்று ஒதுக்கப்பட்டவரே கிடைத்தார் என்பதில்தான் வரலாற்றின் நியாயம் இருக்கிறது.

ஒன்பது சுவர்கள்

முதல் ஓவியத்துக்குப் பின் ஷெஃபீல்டின் சுவர்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. பண்ணை வாழ்வும், குதிரைகளும், அணை கட்டிய காலமும் கடைச் சுவர்களிலும் களஞ்சியச் சுவர்களிலும் எழுந்தன. வாகனங்கள் நிற்கத் தொடங்கின. 2003இல் விழா வந்தது; கவிதையும் வந்தது.

ஓவியம் ஓர் ஊரைக் காப்பாற்றுமா என்று சிலர் கேட்பார்கள். நேர்மையான பதில்: முழுதாகக் காப்பாற்றாது. ஆலைச் சம்பளமும் அணைச் சம்பளமும் கொடுத்ததைத் தேநீர்க் கடைச் சம்பளம் கொடுப்பதில்லை. பிரயாணிகளின் வருகையோ பருவத்தோடு ஏறி இறங்குவது. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊர் தன் வரலாற்றை விற்கத் தொடங்கினால், விற்பனையாகும் பகுதியை மாத்திரமே நினைவில் வைத்துக்கொள்ளப் பழகிவிடும். வியர்வை அழகாகத் தீட்டப்படும். வேலைநிறுத்தம் தீட்டப்படாமற் போகலாம்.

தீட்டப்படுவதற்கு வெகு காலத்துக்கு முன்னுள்ள கதையையும் நினைக்க வேண்டும். 1842இல் நில அளவையாளர் நதானியேல் கென்டிஷ், அடர்காட்டின் நடுவே திறந்த புல்வெளிகளைக் 'கண்டுபிடித்தார்'. அந்த மாவட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் தஸ்மேனியாவின் வடமேற்கில் இத்தகைய புல்வெளிகள் தாமாக உண்டானவையல்ல. பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அளவோடு தீயிட்டுப் பேணியவை என்று ஆய்வாளர் விளக்குவர். கென்டிஷ் வந்தபோது அம்மக்களில் எஞ்சியோரிற் பலர் வடகிழக்கே ஃபிளின்டேர்ஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு நோயிலும் ஏக்கத்திலும் மடிந்துகொண்டிருந்தனர். 1847இல் அந்தத் தீவிலிருந்து திரும்ப அழைத்துவரப்பட்டவர்கள் 47 பேர் மாத்திரமே. அவர்களின் சந்ததியினர் இன்றும் தஸ்மேனியாவில் வாழ்கிறார்கள். தங்கள் மொழியை மீட்டெடுக்கவும் உழைக்கிறார்கள். ஒஸ்திரியாவிலிருந்து வந்தவரை ஏற்றுக்கொள்வது ஒரு சோதனை என்றால், அந்த நிலத்தை ஆக்கியவர்களே அந்நியராக்கப்பட்ட கதையைச் சொல்வது அதைவிடப் பெரிய சோதனை. எந்தச் சுவரின் முன் நிற்கும்போதும், அதில் இருப்பவர் யார் என்று பார்த்த பின், இல்லாதவர் யார் என்றும் பார்த்துவிட்டு வருவதே நல்ல இரசிகனுக்கு அழகு.

இங்கேதான் ஷெஃபீல்டு விழாவின் ஏற்பாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. புக்கோவினாவின் ஓவியர்கள் ஈரச் சாந்தில் தீட்டினார்கள். அது நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது. அவர்கள் அன்பும் நின்றது. அவர்கள் வெறுப்பும் நின்றது. நெருப்பாற்றின் கரையில் நிறுத்தப்பட்ட துருக்கியன் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறான். அவனை இனி எவரும் இறக்கிவிட முடியாது. ஷெஃபீல்டின் பூங்காவிலோ புதிய விழா வரும்போது பழைய ஒன்பது ஓவியங்களும் இடம் விடுகின்றன. புதிய கவிதை வாசிக்கப்படுகிறது. புதியவர்கள் வருகிறார்கள். சென்றமுறை விடுபட்டவருக்கு இம்முறை இடம் கேட்க வழி இருக்கிறது. அழியாத ஓவியத்தையே பெரிதென்று போற்றிப் பழகிய நமக்கு, இடம் விட்டுக் கொடுக்கும் ஓவியத்தின் அருமை எளிதில் விளங்குவதில்லை.

அதற்கு மையமாக ஒரு கவிதையை வைத்தார்களே, அது அதனினும் பொருத்தம். ஒன்பது பேரும் ஒத்துப்போக வேண்டும் என்று கவிதை கேட்பதில்லை. ஒரே சொற்களின் முன் ஒன்பது விதமாக நிற்கலாம். நின்ற பின்னும் ஒரே பூங்காவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஓர் ஊர் தன் கதையைப் பற்றியும் இந்த அளவுக்கு இடம் கொடுத்தால் போதுமே!

நேயர்களே, சுவர் எழுப்புவது பிரிப்பதற்கு. என் வளவு, உன் வளவு என்று காட்டுவதற்கு. உள்ளே இடமில்லை என்று சொல்வதற்கு. யொஷிடா என்ற சிறுவனும் வைன்டோர்ஃபர் என்ற மனிதரும் அத்தகைய சுவர்களுக்கு வெளியே நின்றவர்கள். அவர்களுடைய ஊர்கள் அந்தச் சுவரை இடிக்கவில்லை. அதன் மீதே அவர்களைத் தீட்டின. காலம் தாழ்த்தித்தான் தீட்டின. அவர்கள் பட்ட துயரை அது துடைத்துவிடாது. என்றாலும், இன்று அந்தத் தெருவில் வளரும் பிள்ளை அந்த முகங்களை அயலார் முகங்களாகக் காண்பதில்லை. தன் ஊர் முகங்களாகவே காண்கிறது.

நீங்கள் வாழும் தெருவின் சந்தியில் ஒரு வெறும் சுவர் இருக்குமானால், அடுத்த முறை கடந்து போகும்போது சற்று நில்லுங்கள். அதில் யாரைத் தீட்டலாம் என்று எண்ணுங்கள். முதலில் நினைவுக்கு வருபவர்கள் பெருந்தலைவர்களாக இருப்பார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு இன்னும் சற்று நேரம் நில்லுங்கள். ஊர் சேர்த்துக்கொள்ளாமல் விட்ட ஒருவர் மெல்ல நினைவுக்கு வருவார். அந்தச் சுவர் அவருக்குரியது.